எழுதும் கைக்கு ஒரு வாழ்த்து

ஆகஸ்ட் 9 நல்ல நாள். 2007இல் அன்றுதான் ஜார்ஜ் புஷ் 'அமெரிக்கா காம்பீட்ஸ்' சட்டத்தில் கையெழுத்திட்டார். சரியாகப் பதினைந்து ஆண்டுகள் கழித்து, 2022இல் அதே நாளில், ஜோ பைடன் 'சிப்ஸ் மற்றும் அறிவியல்' சட்டத்தில் கையெழுத்திட்டார். ஒருவர் குடியரசுக் கட்சி, மற்றவர் ஜனநாயகக் கட்சி. எரிசக்தித் துறையின் அறிவியல் ஆய்வுக்கு எத்தனை டாலர் வரை என்று இரண்டு சட்டங்களும் எழுதிவைத்தன. வாஷிங்டன் அவையோரே, ஒரு நாட்டின் ஆய்வுக்கு என்ன வேண்டும் என்பதை இவ்வளவு தெளிவாக, இவ்வளவு ஒற்றுமையாக எழுதத் தெரிந்தவர்கள் நீங்கள். அதற்காக உங்களை வாழ்த்தவே உட்கார்ந்திருக்கிறேன்.

உங்களுக்கு இரண்டு கைகள். ஒன்று எழுதும் கை, மற்றது அளக்கும் கை. கீழவையின் அறிவியல் குழுவும் மேலவையின் எரிசக்திக் குழுவும் எழுதும் கை. இன்ன திட்டம் இருக்கலாம், இத்தனை ஆண்டு நடக்கலாம், இவ்வளவு வரை செலவிடலாம் என்று அவை எழுதுவது அனுமதிச் சட்டம். அதை வைத்துக்கொண்டு ஒரு திருகாணிகூட வாங்க முடியாது. நிதி ஒதுக்கீட்டுச் சட்டம் இல்லாமல் கருவூலத்திலிருந்து பணம் எடுக்கக் கூடாது என்று உங்கள் அரசியல் சட்டத்தின் முதல் பிரிவே சொல்கிறது. அந்தச் சட்டத்தை எழுதுவது வேறு குழு, வேறு அறை, வேறு ஆட்கள். அதுதான் அளக்கும் கை. ஒரு கை எழுதியதை மறு கை அப்படியே அளந்தாக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. பொதுப் பணத்துக்கு இரண்டு பூட்டு போட்ட முன்னோர்களின் எச்சரிக்கையை நான் மதிக்கிறேன். ஒருவன் ஆசைப்பட்டதை இன்னொருவன் கணக்குப் பார்த்தால்தான் குடும்பம் நடக்கும்.

அளக்கும் கையின் பாடும் எனக்குத் தெரியும். எரிசக்தி அறிவியலுக்கான பணம் 'எரிசக்தி மற்றும் நீர்வள' துணைக்குழுவிலிருந்து வருகிறது. துறைமுகத்தில் மணல் வாருவதும், மேற்கு மாநிலங்களின் அணைகளைப் பராமரிப்பதும், அணுகுண்டுகளைக் காப்பதும், பழைய குண்டுத் தொழிற்கூடங்களின் கழிவை அகற்றுவதும் அதே துணைக்குழுவின் பொறுப்பு. முதலில் துணைக்குழுவுக்கு ஒரு மொத்தத் தொகை தரப்படுகிறது. அந்த ஒரே பானையிலிருந்து எல்லா இலைக்கும் பரிமாற வேண்டும். அணைக்கு ஒரு தொகுதி இருக்கிறது, துறைமுகத்துக்கு ஒரு உறுப்பினர் இருக்கிறார். நியூட்ரினோவுக்கு வாக்குச்சீட்டு இல்லை. அப்படியிருந்தும் பந்தியின் கடைசி இலைக்கும் ஏதோ ஒன்று வந்து சேர்கிறதே, அதற்கு நன்றி.

எழுதும் கைக்கு வருகிறேன். 2005இல் லாமர் அலெக்ஸாண்டர், ஜெஃப் பிங்கமன் என்ற இரு செனட்டர்கள், கட்சி வேறுபாடு பாராமல், தேசிய அறிவியல் கழகத்திடம் ஒரு கேள்வி கேட்டார்கள். நாடு அறிவியலில் பின்தங்காமல் இருக்க என்ன செய்ய வேண்டும்? லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனத்தின் தலைவராக இருந்த நார்மன் அகஸ்டின் தலைமையில் அறிஞர்கள் கூடி, சில மாதங்களுக்குள் விடை எழுதிக் கொடுத்தார்கள். இயற்பியல் அறிவியலுக்கான அடிப்படை ஆய்வு நிதியை ஏழு ஆண்டுகளில் இரட்டிப்பாக்குங்கள், எரிசக்தியில் துணிகரமான முயற்சிகளுக்குத் தனி அமைப்பு தொடங்குங்கள் என்றார்கள். கேட்டதோடு நீங்கள் நிற்கவில்லை. விடையைச் சட்டமாக்கினீர்கள். கீழவையில் 367 பேர் ஆதரவு, 57 பேர் எதிர்ப்பு. மேலவையில் எதிர்ப்பே இல்லை. பிளவுபட்ட அவை என்று உங்களைப் பழிப்பவர்கள் அந்த வாக்குப் பதிவைப் பார்க்கட்டும்.

அது ஆகஸ்ட் மாதம். அடுத்த நிதியாண்டு அக்டோபர் 1 அன்று தொடங்கியது. ஒதுக்கீட்டுச் சட்டம் வரவில்லை. ஆய்வகங்கள் பொறுத்திருந்தன. அவற்றுக்கு அது பழக்கம்தான், முந்தைய ஆண்டில் அவற்றுக்கான வழக்கமான ஒதுக்கீட்டுச் சட்டம் கடைசிவரை வரவேயில்லை. டிசம்பர் 26, 2007, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், எல்லாத் துறைகளையும் ஒரே மூட்டையாகக் கட்டிய சட்டம் கையெழுத்தானது. இரட்டிப்புக்கு வழி எழுதிய மை உலர்ந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை.

சிகாகோவுக்கு அருகில், பட்டேவியாவில் இருக்கும் ஃபெர்மி ஆய்வகம் எதிர்பார்த்திருந்தது 37.2 கோடி டாலர். வந்தது 32 கோடி. நோவா என்ற நியூட்ரினோ சோதனைக்கு அந்த ஆண்டு பூஜ்யம். பன்னாட்டு நேர்கோட்டு முடுக்கிக்கான ஆய்வுக்கு 6 கோடி கேட்டிருந்தார்கள், 1.5 கோடி தந்தீர்கள். நிதியாண்டில் கால்வாசி அதற்குள் கடந்துவிட்டதால், அந்த 1.5 கோடியும் ஏறக்குறைய செலவாகியிருந்தது. பிரான்சில் உலக நாடுகள் சேர்ந்து கட்டும் ஐட்டர் அணுக்கரு இணைவு உலைக்கு அமெரிக்காவின் அந்த ஆண்டுப் பங்காகக் கேட்கப்பட்டது 16 கோடி. தந்தது ஏறக்குறைய 1 கோடி. இந்த எண்களில் எங்கும் தடுமாற்றம் இல்லை. எவ்வளவு குறைக்கிறோம் என்று தெரிந்தே எழுதப்பட்டவை.

அந்த ஆய்வகம் உங்களுக்குப் புதிதல்ல. 1969இல் அதைக் கட்ட 25 கோடி டாலர் கேட்டு ராபர்ட் வில்சன் உங்கள் கூட்டுக் குழுவின் முன் வந்து நின்றார். நாட்டின் பாதுகாப்புக்கு இதனால் என்ன பயன் என்று செனட்டர் ஜான் பாஸ்டோர் கேட்டார். நேரடியாக ஒன்றுமில்லை, ஆனால் இந்த நாட்டைப் பாதுகாக்கத் தகுந்ததாக ஆக்குவதில் இதற்குப் பங்குண்டு என்ற பொருளில் வில்சன் பதில் சொன்னார். அதைக் கேட்டும் அன்றைய அவை கொடுத்தது. கொடுத்ததற்குக் குறைவான செலவிலேயே வில்சன் கட்டி முடித்தார். கொடுத்தவர்களும் வாங்கியவரும் ஒருவருக்கொருவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள். அந்த அவையின் வாரிசுகள் நீங்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

2008இன் தொடக்கத்தில் ஃபெர்மி ஆய்வகத்தின் ஊழியர்கள் முறைவைத்துச் சம்பளமில்லாத கட்டாய விடுப்பில் போனார்கள். ஆட்குறைப்பும் அறிவிக்கப்பட்டது. கலிபோர்னியாவில் ஸ்லாக் ஆய்வகத்தில் ஆட்கள் வேலையிழந்தார்கள். அங்கே பாபர் என்ற சோதனைக்காக ஓடிக்கொண்டிருந்த முடுக்கி, செப்டம்பர் வரை ஓட வேண்டியது, ஏப்ரலிலேயே நிறுத்தப்பட்டது. அந்த அக்டோபரில் கோபயாஷி, மஸ்காவா இருவருக்கும் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. அவர்களுடைய கோட்பாட்டை உறுதிப்படுத்திய இரண்டு சோதனைகளில் ஒன்று பாபர்.

மே மாதத்தில் ஒரு குடும்பம் 50 லட்சம் டாலர் கொடுத்தது. பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது. சிகாகோ பல்கலைக்கழகம் வழியாக வந்த அந்தப் பணத்தால் ஃபெர்மி ஆய்வகத்தின் கட்டாய விடுப்பு முடிந்தது. இதற்கு இரண்டு ஆண்டுகள் முன்புதான், 2006இல், நியூயார்க்கின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் அயனிகளை மோதவிடும் இயந்திரத்தை அந்த ஆண்டு ஓட்டப் பணமில்லை என்றபோது, கணித அறிஞரும் முதலீட்டாளருமான ஜேம்ஸ் சைமன்ஸ் தன் நிறுவனத்து நண்பர்களோடு சேர்ந்து 1.3 கோடி டாலர் திரட்டிக் கொடுத்தார். கோயில் விளக்குக்கு எண்ணெய் கொடுப்பது போல, உலகின் மிகப் பணக்கார அரசின் ஆய்வகத்துக்கு வீட்டுக்காரர்கள் மின் கட்டணம் கட்டினார்கள். குடிமக்களிடம் இப்படி ஒரு கொடைக் குணத்தை வளர்த்துவிட்ட அவை வேறு எங்கே இருக்கிறது? ஜூன் கடைசியில் நீங்களும் துணை ஒதுக்கீடாக 6.25 கோடி டாலர் அளந்தீர்கள், மீதி ஆட்குறைப்பு நின்றது. வந்தது நல்லதுதான். ஆனால் அதற்குள் கிளம்பிப் போனவர்கள் திரும்பிவர அந்தச் சட்டத்தில் இடமில்லை.

இங்கே கொஞ்சம் நின்று சொல்லியாக வேண்டும். இயந்திரத்தை நிறுத்தினால் மறுபடி ஓட்டலாம். மனிதர்கள் அப்படியல்ல. ஒரு முடுக்கியின் காந்தத்தை எந்த வெப்பநிலையில் எப்படிக் கவனிக்க வேண்டும் என்பது இருபது ஆண்டு அதன் பக்கத்தில் நின்றவருக்குத்தான் தெரியும். அது எந்தக் கையேட்டிலும் முழுதாக எழுதப்படுவதில்லை. அவர் ஒருமுறை வேறு வேலைக்குப் போனால் அந்த அறிவும் அவரோடு போகிறது. முனைவர் பட்டத்துக்காக அந்த ஆண்டின் தரவை நம்பியிருந்த மாணவருக்கு வாழ்க்கையில் அந்த ஆண்டு இன்னொரு முறை வராது. ஆடியில் விதைக்க வேண்டியவனுக்குத் தையில் விதைநெல் அளந்தால் அளவில் குறை இருக்காது. பருவம்தான் போயிருக்கும்.

2007 சட்டம் பெற்ற பிள்ளையையும் சொல்கிறேன். எரிசக்தியில் துணிகர ஆய்வுக்கென்று ஆர்ப்பா-இ என்ற அமைப்பை அந்தச் சட்டமே உருவாக்கியது. முதல் ஆண்டுக்கு 30 கோடி டாலர் என்று எழுதியது. பெயர் வைத்தாயிற்று, ஜாதகம் எழுதியாயிற்று. பால் வந்தது 2009இல்தான், பொருளாதாரம் சரிந்து மீட்புச் சட்டம் போட்டபோது, 40 கோடி டாலராக. நாடு முழுவதும் வீடுகளும் வேலைகளும் போன பிறகுதான் அந்தப் பிள்ளை கண் திறந்தது. ஆனால் இதையும் மறைக்க மாட்டேன்: 2017இல் வெள்ளை மாளிகை அதை மூடிவிடலாம் என்று வரவுசெலவுத் திட்டத்தில் எழுதி அனுப்பியபோது, இரு கட்சியும் சேர்ந்து மறுத்தீர்கள். மறுத்ததோடு நில்லாமல் 35.3 கோடி டாலர் அளந்தீர்கள். அதற்கு முன் அந்த அமைப்பு வழக்கமான ஒதுக்கீட்டில் அவ்வளவு பார்த்ததில்லை. வேண்டுமென்று நினைத்தால் அளக்கும் கைக்கும் எழுதும் கையின் எழுத்து படிக்க வருகிறது என்பதற்கு அதுவே சாட்சி. அதனால்தான் மற்ற ஆண்டுகள் என்னை இவ்வளவு வருத்துகின்றன.

அணுக்கரு இணைவைப் பற்றி நீங்கள் எழுதியது இன்னும் அழகு. 1980 அக்டோபரில் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட காந்த இணைவுப் பொறியியல் சட்டம், நூற்றாண்டு முடிவதற்குள் ஒரு செயல்விளக்க உலை ஓட வேண்டும் என்று நாள் குறித்தது. இருபது ஆண்டு, 2,000 கோடி டாலர் என்ற அளவில் கணக்கு. சூரியனைப் பூமியில் ஏற்றுவதற்கு முகூர்த்தம் குறித்த அவை அதற்கு முன் உலகில் இருந்ததில்லை. நிதி அந்தப் பாதையில் ஒருபோதும் ஏறவில்லை. எண்பதுகளின் நடுவிலிருந்து இறங்கத் தொடங்கியது. 1996ஆம் நிதியாண்டில் ஒரே வெட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போனது. பிரின்ஸ்டனில் 10 மெகாவாட்டுக்கு மேல் இணைவு ஆற்றல் தந்து சாதனை படைத்திருந்த டோகமாக் 1997இல் மூடப்பட்டது. சட்டம் குறித்த முகூர்த்தத்துக்கு மூன்று ஆண்டுகள் பாக்கி இருந்தன.

அந்தக் காலத்துப் பொருள் ஒன்றை நினைத்தால் ஔவை தொண்டைமானின் ஆயுதக் கொட்டிலுக்குள் நின்ற காட்சி எனக்கு நினைவுக்கு வருகிறது. கலிபோர்னியாவின் லிவர்மோர் ஆய்வகத்தில் 'காந்த ஆடி' என்ற முறையில் இணைவை முயல ஒரு மாபெரும் இயந்திரம் கட்டினார்கள். செலவு 37.2 கோடி டாலர். பல ஆண்டு உழைப்பு. 1986 பிப்ரவரி 21 அன்று பணி முடிந்தது என்று விழா எடுத்தார்கள். நிதி வெட்டு அதற்குள் வந்திருந்தது, ஓட்டப் பணமில்லை. விழாவோடு விழாவாக இயந்திரத்தை மூடினார்கள். அதில் ஒரு சோதனைகூட நடக்கவில்லை. அதன் காந்தங்களில் ஒரு கீறல் இல்லை. வெற்றிடக் கலத்தில் கரி படியவில்லை. மயிற்பீலி சூட்டி நெய் பூசி வைத்த வேல் போல அப்பழுக்கில்லாமல் இருந்தது. தேய்ந்தும் உடைந்தும் கொல்லன் பட்டறையில் கிடக்கும் வேல்கள் வேறு ஊரில், வேறு நாட்டு ஆய்வகங்களில் இருந்தன.

டெக்சஸில் வாக்ஸஹாச்சி என்ற ஊரின் தரைக்கடியிலும் உங்கள் கையெழுத்து இருக்கிறது. 87 கிலோமீட்டர் சுற்றளவில் உலகின் மிகப் பெரிய துகள் மோதியைக் கட்டத் தொடங்கினீர்கள். 23 கிலோமீட்டர் போல சுரங்கம் தோண்டி, 200 கோடி டாலர் செலவழித்த பிறகு, 1993 அக்டோபரில் நிறுத்தினீர்கள். திட்டச் செலவு இரண்டு மடங்குக்கு மேல் ஏறியிருந்தது உண்மை, நிர்வாகத்தில் குறைகள் இருந்தது உண்மை, கேள்வி கேட்டது உங்கள் கடமை. ஆண்டாண்டுதோறும் வாக்கெடுப்பு வைத்து, இந்த முறை தலை தப்புமா என்று இரண்டாயிரம் பேரைக் காக்கவைத்ததும் உங்கள் உரிமை. முடிவு கட்டியபோது மட்டும் குறை வைக்கவில்லை. ஒழுங்காக மூடுவதற்கென்று 64 கோடி டாலர் அளந்தீர்கள். கட்டுவதற்கு ஒருபோதும் உறுதியாகக் கிடைக்காத பணம் மூடுவதற்கு முழுதாகக் கிடைத்தது. சுரங்கத்தில் பிறகு தண்ணீர் நிறைந்தது. அந்த மோதி தேடியிருக்கக் கூடிய ஹிக்ஸ் துகளை 2012 ஜூலை 4 அன்று, அமெரிக்காவின் சுதந்திர நாளில், ஜெனீவாவில் அறிவித்தார்கள்.

நேரம் தவறாமையைப் பற்றியும் ஒரு சொல். நிதியாண்டை அக்டோபர் 1க்கு மாற்றிக்கொண்டதே உங்களுக்குக் கூடுதல் அவகாசம் வேண்டும் என்றுதான். அந்த ஏற்பாடு 1976இல் நடைமுறைக்கு வந்தது. அதன் பிறகு எல்லா ஒதுக்கீட்டுச் சட்டங்களையும் உரிய நாளுக்குள் முடித்தது நான்கே நான்கு நிதியாண்டுகளில்: 1977, 1989, 1995, 1997. மற்ற ஆண்டுகளில் இடைக்காலத் தீர்மானம். போன வருடம் கொடுத்ததே இப்போதைக்கு, புதிதாக எதையும் தொடங்காதே என்பது அதன் சாரம். கட்டுமானம் நடக்கும் ஆய்வகத்துக்கு அதன் பொருள் வேறு. இந்த ஆண்டு கான்கிரீட் ஊற்ற வேண்டியவனுக்குப் போன ஆண்டு குழி தோண்டக் கொடுத்த தொகையே வரும். ஒப்பந்தக்காரர் காத்திருப்பார், காத்திருப்பதற்கும் கட்டணம் கேட்பார். தாமதத்தால் செலவு ஏறும். ஏறிய செலவைக் காட்டி அடுத்த விசாரணையில் நீங்களே கேள்வி கேட்பீர்கள்.

எரிசக்தி அறிவியலுக்கு 2018இல் ஒரு நல்ல ஆண்டு வாய்த்தது. செப்டம்பர் 21 அன்றே ஒதுக்கீட்டுச் சட்டம் கையெழுத்தாகிவிட்டது. அந்த டிசம்பரில் அரசு முடங்கி 35 நாள் பல துறைகள் பூட்டிக் கிடந்தபோது எரிசக்தி ஆய்வகங்களில் விளக்கு எரிந்தது, வேலை நடந்தது. ஒரே ஒரு முறை உரிய நாளில் கையெழுத்திட்டதால் கிடைத்த நிம்மதி அது.

இப்போது இரண்டாவது ஆகஸ்ட் 9. 2022 சட்டம் எரிசக்தித் துறையின் அறிவியல் அலுவலகத்துக்கு ஐந்து ஆண்டுகளில் 5,030 கோடி டாலர் வரை என்று எழுதியது. அந்த அலுவலகம் பத்து தேசிய ஆய்வகங்களைப் பேணுகிறது. அதன் ஒளிமூலங்களையும் மீக்கணினிகளையும் ஆண்டுக்கு முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வாளர்கள் பயன்படுத்துகிறார்கள். நல்ல ஆய்வு முன்மொழிவு இருந்தால் போதும், முடிவுகளைப் பொதுவில் வெளியிடுபவரிடம் கட்டணம் வாங்குவதில்லை. இப்படி ஒரு பொதுச் சொத்தை உலகுக்குக் கட்டிக் கொடுத்தவர்கள் நீங்கள். அதற்காக நான் சொல்லும் வாழ்த்தில் கலப்படம் இல்லை.

முதல் ஆண்டுக்கு எழுதியது சுமார் 890 கோடி. அளந்தது 810. இரண்டாம் ஆண்டுக்கு எழுதியது சுமார் 954 கோடி, அளந்தது 824. அதுவும் நிதியாண்டில் ஐந்து மாதம் போன பிறகு, 2024 மார்ச்சில். மூன்றாம் ஆண்டுக்கு எழுதியது 1,000 கோடியைத் தாண்டும். அந்த ஆண்டு 2025 மார்ச்சில் முழு ஆண்டுக்குமான இடைக்காலத் தீர்மானம் போட்டு, மறுபடி 824 என்றே அளந்தீர்கள். நான்காம் ஆண்டின் முதல் நாளில், 2025 அக்டோபர் 1 அன்று, அரசே முடங்கியது. திறக்க 43 நாள் ஆனது. முதலிரண்டு ஆண்டுகளில் எழுத்துக்கும் அளவுக்கும் இடையே 80 கோடி, 130 கோடி என்று விலகிய இடைவெளிக்குள்தான் கட்டப்படாத கருவிகளும் வேலைக்கு எடுக்கப்படாத இளைஞர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய பட்டியல் எந்தக் குழுவின் ஆவணத்திலும் இல்லை.

அந்தச் சட்டத்தின் ஐந்தாண்டு 2027 செப்டம்பர் 30 அன்று முடிகிறது. அடுத்ததை எழுத வேண்டியிருக்கும். 2027இல் ஆகஸ்ட் 9 திங்கட்கிழமை வருகிறது. அதையும் மிக நன்றாக எழுதுவீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.